எண் வந்துவிட்டது, அளந்தாகிவிட்டதா?

(மைசூரில் பல் மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பல்லின் கன அளவு எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு பொதுக்கூட்டம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வாய்க்குள் இருக்கிற ஒரு பல், அரை மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கிற இடம். அதைப் போய் அளந்து என்ன ஆகப்போகிறது? ஆகிறது. பல்லுக்குக் கிளிப் போட்டுச் சீரமைக்கும்போது சிலருக்கு வேரின் நுனி கரைகிறது. எவ்வளவு கரைந்தது என்று தெரிந்தால்தான் சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்திவைப்பதா என்று முடிவெடுக்க முடியும். ஓரிடத்துப் பல்லை எடுத்து இன்னோரிடத்தில் நடுகிற சிகிச்சையில், நடப்போகும் பல்லின் உருவமும் பருமனும் முன்னதாகவே தெரிய வேண்டும். இவற்றைக் காட்டிலும் கனமான காரணம் ஒன்று உண்டு. பல்லை வைத்து மனிதனின் வயதைக் கணிக்கிறோம். அந்த வயதை வைத்து நீதிமன்றம் முடிவெடுக்கிறது.

நம் நாட்டின் இளைஞர் நீதிச் சட்டம், 2015, அதன் 94-ஆம் பிரிவில் ஒரு வரிசையைச் சொல்கிறது. வயதில் ஐயம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது மெட்ரிக் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை அல்லது வயது கணிக்கும் வேறு அண்மைக்கால மருத்துவச் சோதனை. மூன்றாவது படிக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, பிறப்பைப் பதிவு செய்ய யாரும் இல்லாத பிள்ளை, ஊர் விட்டு ஊர் வந்து செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. காகிதம் இல்லாதவர்களுக்குத்தான் உடம்பு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. கொடிய குற்றமென்றால் 16 வயது ஒரு கோடு. சிறுவரா பெரியவரா என்பதற்கு 18 வயது ஒரு கோடு. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் வயதுக்கும் அதே 18 தான் கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்கிற எண்ணில் பிழை இருந்தால், அந்தப் பிழையின் விலையை ஒரு பிள்ளை கொடுக்கிறது.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கணினித் திரையில் பல்லின் கன அளவென்று ஓர் எண் வந்து நிற்பதால் மட்டும் பல் அளக்கப்பட்டதாக ஆகாது. வேறொரு வழியில் சோதித்து, தன் பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த எண் அளவு என்ற தகுதியைப் பெறுகிறது.

பல் எப்படி வயது சொல்கிறது?

பல்லைக் காட்டி வயது கேட்கும் வழக்கம் மருத்துவத்தில் பழையது. இங்கிலாந்தில் 1833-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பிள்ளையின் வயதைப் பெற்றோரும் முதலாளியும் கூட்டிச் சொன்னால் என்ன செய்வது? எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து, முளைத்திருக்கும் பற்களைக் கொண்டு வயது சொல்லலாம் என்று 1837-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே ஒரு நூல் எழுதினார். பல்லின் சாட்சியம் முதன்முதலில் நின்றது தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பக்கம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

முளைக்கும் வரைக்கும் சரி. எல்லாப் பல்லும் முளைத்து முடிந்தபின்? அதற்குப் பல்லின் உள்ளே பார்க்க வேண்டும். பல்லின் மேலே எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அது, எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. அதற்குள் டென்டின். வேரைச் சுற்றி மெல்லிய சிமென்டம். நடுவில் ரத்தநாளமும் நரம்பும் கொண்ட பற்கூழ். வயது ஏற ஏற உட்சுவரில் டென்டின் படிந்துகொண்டே வருகிறது; பற்கூழின் அறை சுருங்கிக்கொண்டே போகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப்சன் 1950-இல் பல்லில் வயதால் நேரும் ஆறு மாற்றங்களை வரிசைப்படுத்தியபோது இதுவும் அதில் ஒன்று. அவர் முறைக்குப் பல்லை எடுத்து, சீவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிரோடு இருப்பவரிடம் அது நடக்காது. 1995-இல் நார்வேயின் சிக்ரிட் க்வால் குழுவினர் சாதாரண எக்ஸ்ரேயில் பற்கூழின் நீள அகலத்தைப் பல்லோடு ஒப்பிட்டார்கள். 2004-இல் இத்தாலியின் ரொபெர்ட்டோ கமெரியெரே கோரைப்பல்லில் பற்கூழின் பரப்பைப் பல்லின் பரப்பால் வகுத்தார். கோட்டிலிருந்து பரப்புக்கு வந்தாயிற்று. அடுத்தது கன அளவு. 2006-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் யாங், ஜேக்கப்ஸ், வில்லெம்ஸ் ஆகியோர் முப்பரிமாண ஸ்கேனில் பற்கூழின் கன அளவைப் பல்லின் கன அளவோடு ஒப்பிட்டு வயது கணிக்கும் முறையை முன்வைத்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். 18 வயது என்ற கோட்டுக்கு ஞானப்பல்லின் வேர்நுனி மூடிவிட்டதா என்று பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம்; கமெரியெரே 2008-இல் அதற்கு 0.08 என்றோர் எல்லை எண் சொன்னார். பற்கூழின் கன அளவு முறை பெரியவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் கூடுதலாகப் பயன்படுவது. அதன் கணிப்பில் பல ஆண்டுகள் முன்பின் ஆவது இயல்பு. இரண்டு முறைக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று: படத்தில் பல்லின் விளிம்பு எங்கே என்ற முடிவு. அந்த விளிம்பைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன்.

நிழலிலிருந்து கட்டங்களுக்கு

ராண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் வாயில் கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு 25 நிமிடம் அசையாமல் கிடந்து முதல் பல் எக்ஸ்ரேயை எடுத்தார். அந்தப் படம் ஒரு நிழல். உயரமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. 1971-இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. ஆழமும் கிடைத்தது. பல் மருத்துவத்துக்கு ஏற்ற, கதிர்வீச்சு குறைந்த கருவி வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. கூம்பு வடிவக் கதிர்க்கற்றை தலையை ஒருமுறை சுற்றிவந்து முழுத் தாடையையும் படமாக்கும் கருவியை இத்தாலியின் மோட்சோ குழுவினர் 1998-இல் விவரித்தார்கள். அதைத்தான் சி.பி.சி.டி. என்கிறோம். இன்று மைசூரிலும் கோவையிலும் மதுரையிலும் ஸ்கேன் மையங்களின் பெயர்ப்பலகையில் இந்த நான்கு எழுத்தைப் பார்க்கிறீர்கள்.

சி.பி.சி.டி. தருவது கனசதுரக் கட்டங்களின் அடுக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் வாக்ஸெல் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் கருப்பு வெளுப்பைக் குறிக்கும் ஒரு சாம்பல் எண். கட்டத்தின் பக்கம் கருவிக்கும் அமைப்புக்கும் ஏற்ப 0.075 மி.மீ. முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். மென்பொருள் செய்வது என்ன? இந்த எண்ணுக்கு மேலே உள்ள கட்டம் பல், கீழே உள்ளது பல் அல்ல என்று ஒரு வரம்பு வைக்கிறது. பல் என்று ஆன கட்டங்களை எண்ணுகிறது. எண்ணிக்கையை ஒரு கட்டத்தின் கன அளவால் பெருக்குகிறது. பெல்ஜியத்தில் உருவான மிமிக்ஸ் போன்ற விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் சரி, ஐ.டி.கே. ஸ்னாப், 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருள்களும் சரி, அடிப்படைக் கணக்கு இதுதான். எண்ணுவதில் கணினி தவறு செய்யாது. எதை எண்ணுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

எல்லையில் நிற்கிற ஒரு கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி டென்டின், பாதி வெளியே உள்ள திசு. கருவிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சராசரியாக ஒரு சாம்பல் எண்ணைக் கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தைப் பல்லோடு சேர்ப்பதா, விடுவதா? நம் வீடுகளில் படியால் அரிசி அளந்த காலத்தில், தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்பதைப் பொறுத்து அதே படி வேறு வேறு அரிசியைக் கொடுத்தது. வரம்பு எண்ணும் அப்படித்தான். சற்றுக் குறைத்து வைத்தால் பல் பருக்கும். சற்று ஏற்றி வைத்தால் இளைக்கும். மருத்துவமனையின் பெரிய சி.டி.யில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000 என்று ஒரு பொது அளவுகோல் உண்டு. சி.பி.சி.டி.யின் சாம்பல் எண்களுக்கு அந்த உறுதி கிடையாது. கருவி மாறினால் மாறும், அதே கருவியில் பல் இருக்கும் இடம் மாறினாலும் மாறும். அதனால் ஒரு கல்லூரியில் பொருந்திய வரம்பு எண்ணை இன்னொரு கல்லூரியில் அப்படியே எடுத்துப் போட முடியாது.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வேரோடு சேர்ந்த ஒரு பல்லை 6 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் உள்ள உருளை என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பல் உருளையல்ல, கணக்கு புரிவதற்காக. கன அளவு சுமார் 565 கன மி.மீ. வாக்ஸெலின் பக்கம் 0.2 மி.மீ. என்றால், ஒரு கன மி.மீ.க்கு 125 கட்டம். இந்தப் பல்லுக்கு ஏறத்தாழ 70,000 கட்டங்கள். அவற்றில் மேற்பரப்பில் நிற்பவை மட்டும் ஏறத்தாழ 11,000. அதாவது ஏழில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கட்டங்கள் ஐயத்துக்குரியவை.

இப்போது வரம்பு எண் சற்றுக் குறைவாக அமைந்து, விளிம்பு எல்லாப் பக்கமும் 0.1 மி.மீ., அதாவது அரைக் கட்டம், வெளியே தள்ளிவிட்டது. கன அளவு 610 ஆகிறது. எட்டு சதவீதம் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத அரைக் கட்டத்துக்கு எட்டு சதவீதம்.

அதே பல்லின் பற்கூழைப் பாருங்கள். 1 மி.மீ. விட்டம், 15 மி.மீ. நீளம் என்று கொண்டால் சுமார் 11.8 கன மி.மீ.; 0.2 மி.மீ. கட்டத்தில் 1,500-க்கும் குறைவான கட்டங்கள். அவற்றில் பெரும்பங்கு சுவரை ஒட்டி நிற்பவை. நடு என்று சொல்ல அதற்குள் அதிகம் எதுவும் இல்லை. அதே குறைந்த வரம்பு எண், டென்டினின் உட்சுவரையும் 0.1 மி.மீ. உள்ளே நகர்த்திவிடும். பற்கூழ் 7.5 கன மி.மீ. ஆகச் சுருங்கும். 36 சதவீதம் காணாமல் போயிற்று.

இனி விகிதம். முதலில் பற்கூழ், பல்லில் 2.1 சதவீதம். நகர்ந்த விளிம்பில் 1.2 சதவீதம். வகுக்கப்படும் எண் குறைகிறது, வகுக்கும் எண் கூடுகிறது. இரண்டு பிழையும் ஒரே திசையில் சேர்ந்து விகிதத்தை நாற்பது சதவீதம் இறக்கிவிடுகின்றன. பற்கூழ் சுருங்கினால் வயது கூடியதாகத்தானே அர்த்தம்? ஆகவே, அதே மனிதர், அதே ஸ்கேன், அதே மென்பொருள். வரம்பு எண்ணின் நகர்த்துகோலை இலேசாக இழுத்ததில் அவருக்கு வயது ஏறிவிட்டது. விகிதம் எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வாய்க்குள் இன்னும் கடினம்

இதுவரை பல்லைத் தனியாக வைத்துப் பேசினேன். மேசைமேல் வைத்த பல்லைச் சுற்றிக் காற்று இருக்கும். விளிம்பு பளிச்சென்று தெரியும். வாய்க்குள் வேரைச் சுற்றி எலும்பு. வேருக்கும் எலும்புக்கும் இடையே பல்லைப் பிடித்து நிற்கும் நார்த்திசுவின் அகலம் ஏறத்தாழ 0.2 மி.மீ. தான். கட்டத்தின் பக்கமும் 0.2 மி.மீ. என்றால், இடைவெளி முழுவதும் ஒரே கட்டம். பல இடங்களில் அதுவும் கிடைக்காது. வேரின் சாம்பலும் எலும்பின் சாம்பலும் ஒன்றாகிக் கரைந்துவிடும். அங்கே மென்பொருள் கைவிட்டுவிடுகிறது. ஆய்வாளர் ஒவ்வொரு சீவலாகப் பார்த்து விளிம்பைக் கையால் வரைகிறார். பக்கத்துப் பல்லில் உலோக அடைப்போ தொப்பியோ இருந்தால் கதிர் சிதறிக் கோடு கோடாக விழும். நோயாளி எச்சில் விழுங்கினாலே படம் நகரும். ஆகவே எடுத்த பல்லை வெறும் காற்றில் வைத்து ஸ்கேன் செய்து, மென்பொருள் மிகத் துல்லியம் என்று எழுதும் கட்டுரையை வாயில் உள்ள பல்லுக்கு அப்படியே நம்பக் கூடாது. கவனமுள்ள ஆய்வாளர்கள் பல்லை உலர்ந்த தாடை எலும்பில் பொருத்தி, சதைக்குப் பதில் மெழுகோ தண்ணீரோ சுற்றி வைத்து ஸ்கேன் செய்வது இதனால்தான்.

கட்டம் சிறியதாக இருந்தால் போதுமா? பிரான்சின் தெல்ஃபின் மாரே குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் பற்களை, மிக நுண்ணிய கட்டங்களில் படமெடுக்கும் நுண் சி.டி.யிலும் வெவ்வேறு கட்ட அளவுள்ள சி.பி.சி.டி.யிலும் அளந்து ஒப்பிட்டார்கள். 0.076 மி.மீ. கட்டம் நுண் சி.டி.யோடு நெருங்கி வந்தது, 0.2, 0.3 மி.மீ. கட்டங்கள் கன அளவைக் குறைத்துக் காட்டின. கட்டம் சிறியதாவது நல்லதுதான். ஆனால் சிறிய கட்டத்துக்குக் கதிர் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் படத்தில் இரைச்சல் ஏறும். அளப்பதற்காக மட்டுமே ஒரு நோயாளியின் தலைக்குள் கதிரைச் செலுத்துவதற்கு நமக்கு உரிமை இல்லை. சிகிச்சைக்குத் தேவை என்று எடுத்த ஸ்கேனில் அளக்கலாம். அளவுக்காக ஸ்கேன் எடுக்கக் கூடாது.

எதைக் கொண்டு சோதிப்பது?

சரி, மென்பொருளின் விடை சரியா என்று எப்படித் தெரியும்? ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி இருக்கிறது. பல்லைத் தண்ணீரில் போட்டால் தன் கன அளவுக்குத் தண்ணீரை விலக்கும். இதிலும் கவனம் வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் 0.1 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு போட்ட அளவு ஜாடியில் பல்லைப் போட்டுப் பார்த்தால், அரை மில்லிலிட்டர் பல்லுக்கு ஒரு கோடு என்பது இருபது சதவீதம். இருபது சதவீதத்தில் தடுமாறுகிற ஜாடியை வைத்து ஐந்து சதவீதப் பிழையைச் சோதிக்க முடியுமா? சோதிக்கும் கருவி சோதிக்கப்படுவதைவிடக் கூர்மையாக இருக்க வேண்டும். ஆகவே எடைபோட வேண்டும். பல்லைக் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் நிறுத்து, எடைக் குறைவைக் கணக்கிட்டால் கன அளவு கிடைக்கும். மில்லிகிராம் காட்டும் தராசு எந்த ஆய்வுக்கூடத்திலும் உண்டு. தண்ணீரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரியில் அதன் அடர்த்தி 0.997. வேரில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. பல் உலர்ந்து விரிசல் விடாமல் ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். பற்கூழ் அறைக்குள் தண்ணீர் புகுந்ததா இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறையின் கன அளவுக்கு இந்த வழியும் உதவாது. அதற்கு நுண் சி.டி.தான் உரைகல்.

உயிருள்ள வாயில் எடுத்த ஸ்கேனை இப்படிச் சோதித்த ஓர் ஆய்வு 2010-இல் ‘ஆங்கிள் ஆர்த்தடான்டிஸ்ட்’ இதழில் வந்தது. யீ லியூ குழுவினர் ஓர் அழகான வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பல் வரிசையைச் சீராக்க முன்கடைவாய்ப் பற்களை எடுப்பது வழக்கம். எடுப்பதற்கு முன் வாயில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் கணித்த கன அளவையும், எடுத்தபின் அதே பல்லைத் தண்ணீரில் அளந்த கன அளவையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் கழித்தல் 4 முதல் கூட்டல் 7 சதவீதம் வரை. அளந்தவரைப் பொறுத்தும் விடை மாறியது. இந்த எண்களை நான் மிகவும் மதிக்கிறேன். மென்பொருள் துல்லியமானது என்று பொதுவாகச் சொல்லும் நூறு வரிகளைவிட, எவ்வளவு தவறும் என்று சொல்லும் இந்த ஒரு வரி பயனுள்ளது. வேர் மூன்று சதவீதம் கரைந்திருக்கிறது என்று ஒருவர் அறிக்கை கொடுத்தால், அளவின் பிழையே அதைவிடப் பெரியது, கரைந்ததாகச் சொல்ல முடியாது என்று பதில் சொல்ல இந்த எண் நமக்குத் துணிவு தருகிறது.

ஓர் அளவை வேறு வழியில் சோதிப்பது என்றால் என்ன என்பதற்கு, அன்றைய மைசூர் நாட்டிலேயே உலகம் மதிக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போர் முடிந்ததும் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவைக் குறுக்கே அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை அளந்துகொண்டே பெங்களூர் வந்து சேர்ந்தார். கோணமும் கணக்கும் சேர்ந்தால் பெங்களூரில் ஒரு கோட்டின் நீளம் தாளிலேயே வந்துவிடும். அத்தோடு அவர் நிற்கவில்லை. 1804-இல் அந்தக் கோட்டைத் தரையில் சங்கிலி போட்டு மறுபடி அளந்தார்கள். ஏழு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் கணக்குக்கும் சங்கிலிக்கும் இடையே 4 அங்குல வித்தியாசம்கூட இல்லை. அந்தச் சோதனைக்குப் பிறகுதான் மற்ற முக்கோணங்களையும் நம்ப முடிந்தது. கணக்கில் வந்த எண்ணைக் கணக்குக்கு வெளியே சோதிப்பது: அளவியலின் அறம் இதுதான்.

திரும்ப வருவதும் சரியாக வருவதும்

நம் ஆய்வேடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரே ஆய்வாளர் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தார், விடை ஒத்துப்போயிற்று, ஆகவே முறை துல்லியம் என்று எழுதிவிடுகிறோம். அதே ஆள் அதே வரம்பு எண்ணை வைத்தால் அதே விடை வரத்தான் செய்யும். தவறான விடையும் திரும்பத் திரும்ப வரும். திரும்ப வருவது அவசியம். சரியா என்பது அடுத்த கேள்வி.

இன்னொரு பழக்கம், இரண்டு முறைகளின் ஒட்டுறவுக் கெழுவைக் காட்டித் துல்லியத்தை நிறுவுவது. ஒரு மென்பொருள் எல்லாப் பல்லையும் சரியாகப் பத்து சதவீதம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுறவு முழுமையாக, 1 என்று வரும். ஒவ்வொரு பல்லின் அளவும் தவறு. 1986-இல் ‘லான்செட்’ இதழில் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தையே வரைந்து பார்க்கும் எளிய முறையைச் சொன்னார்கள். சராசரி எவ்வளவு சாய்கிறது, தனித்தனிப் பல்லில் எவ்வளவு சிதறுகிறது என்று இரண்டும் அதில் தெரியும். நீதிமன்றத்துக்கு வருவது ஒரு தனி மனிதர். சராசரியில் பிழை இல்லை என்பது அவருக்கு ஆறுதல் ஆகாது.

மொத்தக் கன அளவு பொருந்திவிட்டாலும் ஏமாறக் கூடாது. கழுத்துப் பக்கம் ஈறோரம் கொஞ்சம் கூட்டி, வேர்நுனியில் கொஞ்சம் வெட்டி, மொத்தத்தில் சரியாக வந்து நிற்கலாம். வேர்நுனி கரைகிறதா என்று தேடுபவருக்கு அந்தச் சரியான எண் தவறான செய்தியைத் தரும். இப்போது செயற்கை நுண்ணறிவு தானாகவே பல்லைப் பிரித்துக் கொடுக்கிறது. மணிக்கணக்கில் கையால் வரைந்த வேலை நிமிடங்களில் முடிகிறது. வரவேற்கிறேன். அது கற்றுக்கொண்டது மனிதர்கள் வரைந்த விளிம்புகளிலிருந்து. அவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து வரைந்திருந்தால் அதுவும் அதே பக்கம் சாயும், சோர்வில்லாமல் சாயும். அதற்கும் தண்ணீர்ச் சோதனை வேண்டும்.

எந்த மக்களிடம் உருவாக்கிய சூத்திரம் என்ற கேள்வியும் உண்டு. டெமிர்ஜியனின் புகழ்பெற்ற பல் வளர்ச்சி அட்டவணை 1973-இல் கனடாவில் பிரெஞ்சு வம்சாவளிப் பிள்ளைகளிடம் எடுத்தது. நம் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தாது என்று பலரும் கண்டார்கள். இதே கர்நாடகத்தில், தார்வாடிலிருந்து இந்தியருக்கென்று திருத்திய சூத்திரம் 2011-இல் வெளிவந்தது. கன அளவு முறைக்கும் இந்த உழைப்பு வேண்டும். அதோடு ஒன்று கூடுதலாக: சூத்திரம் எந்தக் கட்ட அளவில், எந்த மென்பொருளில், எந்த வரம்பு எண்ணில் உருவானதோ அதே நிபந்தனையில்தான் அது செல்லும்.

நம்மால் ஆவது

மைசூரில் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி 1986 முதல் இயங்குகிறது. ஃபரூக்கியா பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பல் சீரமைப்புக்காக எடுக்கப்படும் ஆரோக்கியமான முன்கடைவாய்ப் பற்கள் இத்தகைய கல்லூரிகள் எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. ஸ்கேன் கருவிகள் இருக்கின்றன. இலவச மென்பொருள் இருக்கிறது. மில்லிகிராம் தராசு இருக்கிறது. நோயாளியின் ஒப்புதலோடு, சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேனையும் எடுத்த பல்லையும் சேர்த்துப் பாதுகாத்து, ஒவ்வொரு பல்லுக்கும் தண்ணீரில் கண்ட கன அளவை எழுதிவைத்த ஒரு பொதுத் தொகுப்பை நாம் ஏன் உருவாக்கக் கூடாது? கர்நாடகத்துக் கல்லூரிகளும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் அந்தப் பற்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். விடை தெரியாமல் ஒவ்வொரு கல்லூரியும் தன் கருவியில் அளந்து அனுப்பட்டும். யார் எவ்வளவு விலகினார்கள் என்பதை வெட்கப்படாமல் வெளியிடட்டும். ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக்குள் தொடங்கக்கூடிய வேலை இது. புதிய சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட இது பெரிய பணி என்று நான் நம்புகிறேன்.

வழக்கறிஞர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயால் கணிக்கும் வயதில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு முன்பின் ஆகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982-இல் ஜெய மாலா வழக்கிலேயே குறிப்பிட்டது. மருத்துவ அறிக்கைக்குப் பிழை உண்டு என்பதை நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. முப்பரிமாணப் படமும் வண்ணமும் நான்கு தசம எண்ணும் வந்துவிட்டதால் அந்தப் பிழை தொலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேளுங்கள்: கட்டத்தின் அளவு என்ன? விளிம்பை யார், எப்படி முடிவு செய்தார்? இன்னொருவர் தனியாக அளந்தாரா? இந்த முறையை எந்தப் பல்லில், எந்த உரைகல்லில் சோதித்தீர்கள்? பிழை எவ்வளவு? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதாத அறிக்கை முழுமையான அறிக்கை அல்ல.

மாணவர்களே, நாளைக்கு உங்கள் கையெழுத்தோடு ஓர் எண் போகும். 18.3 வயது என்று எழுதுவது எளிது. 16-க்கும் 20-க்கும் இடையில் என்று எழுத நெஞ்சுரம் வேண்டும். கேட்பவருக்கு அது பிடிக்காமல் போகலாம். உங்கள் கருவிக்கு உண்மையில் தெரிந்தது அவ்வளவுதான் என்றால், அவ்வளவைத்தான் எழுத வேண்டும். காகிதம் இல்லாத பிள்ளைக்கு நம் தொழில் செய்யக்கூடிய நியாயம் அது. அதைச் செய்யும் தகுதியை, தராசின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லாகச் சோதித்துத்தான் நாம் சம்பாதிக்க வேண்டும்.